மர்டில்ஸ் மாளிகையின் பேய் பிறந்த கதை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், தலைநகர் பேட்டன் ரூஜிலிருந்து வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் செயின்ட் பிரான்சிஸ்வில் என்ற சிற்றூர் வரும். மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் இருக்கும் பழைய ஊர். அங்கே மர்டில்ஸ் என்ற தோட்ட மாளிகை ஒன்று தங்கும் விடுதியாக நடக்கிறது. பணம் கட்டினால் அறை உண்டு, காலையில் சிற்றுண்டி உண்டு, இரவில் பேய் உண்டு என்று பேர். அமெரிக்காவிலேயே பேய் நடமாட்டம் மிகுந்த வீடுகளில் ஒன்று என்பதுதான் அந்த விடுதியின் புகழ். அங்கே பத்துக் கொலைகள் நடந்தன என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

பேய் இருக்கிறதா, இல்லையா என்று இந்தக் கட்டுரை வாதாடப் போவதில்லை. அந்த வாதம் ஒரு நாளும் முடியாது. ஆனால் பேயாக அலைவதாகச் சொல்லப்படுகிறவர்களில் பலர் நிஜமாக வாழ்ந்தவர்கள். அவர்கள் எப்போது, எப்படிச் செத்தார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. விடுதி சொல்லும் கதையையும் அந்த ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், கதை எந்த இடத்தில் திரிந்தது, திரிந்ததால் யாருக்கு ஆதாயம் என்பது பளிச்சென்று தெரிகிறது.

முதலில் கதை. 1820களில் இந்த வீட்டின் எசமானர் கிளார்க் உட்ரஃப். மனைவி சாரா மெட்டில்டா. வீட்டு வேலைக்கு இருந்த குளோயி என்ற அடிமைப் பெண்ணோடு எசமானருக்குத் தொடுப்பு ஏற்பட்டதாம். அந்தத் தொடுப்பு முடிந்தால் தன்னை வயல் வேலைக்குத் துரத்திவிடுவார்களோ என்று பயந்த குளோயி, கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டாள், பிடிபட்டாள், எசமானர் அவள் காதை அறுத்துவிட்டார். அறுந்த காதை மறைக்க அவள் பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொண்டாள். பிறகு ஒரு பிறந்தநாள் வந்தது. குடும்பத்தைச் சற்று நோயில் தள்ளி, தானே பணிவிடை செய்து குணப்படுத்தினால் பழைய இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, கேக்கில் அரளி இலைச் சாற்றைக் கலந்தாள். அளவு மிஞ்சிவிட்டது. சாராவும் இரண்டு மகள்களும் செத்தார்கள். தங்களுக்கும் தண்டனை வரும் என்று அஞ்சிய மற்ற அடிமைகளே குளோயியைத் தூக்கிலிட்டு, உடலில் கல்லைக் கட்டி மிசிசிப்பியில் எறிந்தார்கள். இன்றும் பச்சைத் தலைப்பாகையோடு அவள் அறைகளில் எட்டிப் பார்க்கிறாள்.

நன்றாகக் கட்டிய கதைதான். குறிப்பாக அரளி. தமிழ் வாசகருக்கு அந்தச் செடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்து நிற்பதும் அதுதான், நாளிதழின் தற்கொலைச் செய்திகளில் தலைகாட்டுவதும் அதன் இனம்தான். இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. வாந்தி வரும், நாடி தளரும். லூசியானாத் தோட்டங்களிலும் அரளி சாதாரணமாக வளரும். ஆகவே கேட்பவர் தலையாட்டிவிடுகிறார். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அடங்காத அதன் கசப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இனி ஆவணம். கிளார்க் உட்ரஃபும் சாரா மெட்டில்டாவும் 1817 நவம்பரில் மணந்தார்கள். கொர்னீலியா, ஜேம்ஸ், மேரி ஆக்டேவியா என்று மூன்று குழந்தைகள். சாரா இறந்தது 1823 ஜூலையில். மகன் ஜேம்ஸ் இறந்தது 1824 ஜூலையில். மூத்த மகள் கொர்னீலியா இறந்தது அதே ஆண்டு செப்டம்பரில். ஒரே பிறந்தநாள் கேக்கைத் தின்று ஒருவர் அன்றும், ஒருவர் அடுத்த ஆண்டும், இன்னொருவர் அதற்கும் இரண்டு மாதம் கழித்தும் செத்தார்கள் என்றால், அந்த நஞ்சைத்தான் முதலில் ஆராய வேண்டும். தவிர, செத்த இரண்டு குழந்தைகளில் ஒருவன் பையன். கதைக்கு இரண்டு மகள்கள் தேவைப்பட்டதால் ஜேம்ஸ் பெண்ணாகிவிட்டான்.

மூவரையும் கொன்றது மஞ்சள் காய்ச்சல். மாதங்களைப் பார்த்தாலே ஊகிக்கலாம்: ஜூலை, ஜூலை, செப்டம்பர். மிசிசிப்பிப் படுகையில் கோடை முற்றி மழைத்தண்ணீர் தொட்டிகளில் தேங்கிக் கிடக்கும் காலம். இங்கே டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அங்கே மஞ்சள் காய்ச்சலைப் பரப்பியது. வீட்டுக்குள்ளேயே, நல்ல தண்ணீரிலேயே வளரும் கொசு. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. கொசுதான் காரணம் என்று கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே சொன்னதே 1881இல். வால்டர் ரீட் தலைமையிலான குழு அதைச் சோதனை செய்து நிறுவியது 1900இல். 1823இல் இருந்தவர்கள் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றைக் குற்றம் சொன்னார்கள். நல்லாயிருந்த ஆள் திடீரென்று காய்ச்சலில் விழுவார். இரண்டு மூன்று நாளில் தணிந்து தேறியதுபோல் தோன்றும். பிறகு கல்லீரல் கெட்டு உடல் மஞ்சளித்து, கறுப்பு வாந்தி எடுத்துச் சாவார். பார்க்கிறவர்களுக்கு நஞ்சு வைத்ததுபோல இருந்தாலும் வியப்பில்லை. ஆனால் அப்படி யாரும் அன்று சந்தேகப்படவில்லை. உட்ரஃப் வழக்கறிஞர், பிற்பாடு நீதிபதியாகவும் இருந்தார். மனைவி மக்களை ஓர் அடிமை கொன்றாள் என்றால் அவர் விசாரணையின்றி விட்டிருப்பாரா? அடிமைகளை விசாரிக்கவென்றே தனி மன்றங்கள் இருந்த மாநிலம் அது. அப்படியொரு வழக்கே இல்லை.

குளோயியும் இல்லை. அடிமை என்பது அன்றைய சட்டத்தில் சொத்து. நிலம், கால்நடை, கட்டில், கண்ணாடி ஆகியவற்றோடு சேர்த்து, மனிதர்களின் பெயரையும் வயதையும் விலையையும் எழுதி வைப்பார்கள். அந்தக் கொடுமையான ஒழுங்கின் பலனாக, ஒரு தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இன்று தேடிப் பார்க்க முடிகிறது. உட்ரஃப் குடும்பம் தொடர்பான பதிவுகளைத் துருவியவர்களுக்குக் குளோயி என்ற பெயர் கிடைக்கவில்லை.

அப்படியானால் இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள்?

வீடு 1820களைவிடப் பழையது, கதை 1820களைவிட இளையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாளிகையைக் கட்டியவர் சாராவின் தந்தை டேவிட் பிராட்ஃபோர்டு. பென்சில்வேனியாவில் அரசு வழக்கறிஞர். 1791இல் சாராயத்துக்கு வரி போட்டார்கள், விவசாயிகள் கொதித்தார்கள், 1794 கலகத்தில் பிராட்ஃபோர்டு முன்னணியில் நின்றார். அதிபர் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 படையினரைத் திரட்டிக்கொண்டு வரவும், ஆற்று வழியாகத் தெற்கே தப்பி ஓடினார். அப்போது செயின்ட் பிரான்சிஸ்வில் பகுதி ஸ்பெயின் வசம் இருந்தது. அமெரிக்க வாரண்டு அங்கே செல்லாது. 1796இல் லாரல் குரோவ் என்ற பெயரில் அவர் எழுப்பிய வீடுதான் இது. 1799இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் மன்னிப்பு அளித்தார். (இந்த ஊர் 1810இல் சில வாரங்கள் மட்டுமே நீடித்த மேற்கு ஃபுளோரிடா குடியரசின் தலைநகராகவும் இருந்தது. பேயே இல்லாமல் சுற்றுலா நடத்தப் போதுமான சரக்கு உள்ள ஊர்.) 1834இல் ஸ்டர்லிங் குடும்பம் வாங்கி, வீட்டைப் பெரிதாக்கி, முற்றத்தில் பூத்த மரங்களின் பெயரால் மர்டில்ஸ் என்று பெயரை மாற்றியது.

பேய்க்கதை இவர்கள் யார் காலத்திலும் பேர்போனதில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் துளிர்க்கிறது. முதலில் அது பச்சைத் தொப்பி அணிந்த ஒரு கிழவியின் உருவம். பெயர் கிடையாது, இனம் கிடையாது, குற்றமும் கிடையாது. 1970களுக்குப் பின் வீடு கைமாறி விருந்தினர் தங்கும் விடுதியானது. அதன் பிறகு தொப்பி தலைப்பாகையாகிறது, கிழவி இளம்பெண்ணாகிறாள், பெயர் வருகிறது, அறுந்த காது வருகிறது, கேக் வருகிறது. 1992இல் உரிமையாளர் தரப்பு எடுத்த புகைப்படம் ஒன்றில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே மங்கலாக ஓர் உருவம் தெரிந்தது. அது குளோயி என்று அஞ்சலட்டையாகவே வந்தது. இப்படி ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை ஊதிப் பெருத்தது. ஊர் வாய்மொழியில் இருநூறு ஆண்டுகளாக வந்த நினைவு என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் ஏமாறுகிறார்கள். அறைகளை நிரப்ப வேண்டிய தேவையோடு சேர்ந்தே இது வளர்ந்தது.

வாடகைக்காக ஒரு பேயை உருவாக்கினார்கள், போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி செய்வது, அவர்கள் எந்த மாதிரிப் பேயை உருவாக்கினார்கள் என்பது.

சமையலறைக்குள் இருக்கும் அடிமை ஒருநாள் சோற்றில் நஞ்சு வைப்பான் என்பது கரும்பு, பருத்தித் தோட்ட முதலாளிகளின் பழைய பயம். பிரெஞ்சுக் காலனியான சான்டோமாங்கில், இன்றைய ஹைட்டியில், மக்கண்டால் என்ற அடிமை வெள்ளையரை நஞ்சிட்டுக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1758இல் உயிரோடு எரிக்கப்பட்டார். தெற்கத்தி மாநிலங்கள் இதற்கென்றே கடும் சட்டங்கள் வைத்திருந்தன. லூசியானாவில் 1811 ஜனவரியில் நூற்றுக்கணக்கான அடிமைகள் கிளர்ந்தெழுந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். அடக்கிய பிறகு, கொல்லப்பட்டவர்களின் தலைகளை ஆற்றங்கரை நெடுகக் கம்பங்களில் செருகி வைத்தார்கள். குளோயி கதை அந்த முதலாளிகளின் பயத்தை அப்படியே எடுத்து, அவர்கள் பார்வையிலேயே சொல்கிறது. கொலைகாரி அடிமை, பலியானவர்கள் எசமானியும் பிள்ளைகளும், தூக்கிலிட்டவர்களும் அடிமைகளே. காதை அறுத்த எசமானர் கதையின் பாதியிலேயே நழுவிப் போய்விடுகிறார்.

அந்தத் தொடுப்பு என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. வாங்கி விற்கத்தக்க ஒரு பெண் எசமானரை மறுக்க முடியாது. மிசூரி மாநிலத்தில் சீலியா என்ற பெண்ணின் வழக்கு இதற்கு நேர்ச் சான்று. ராபர்ட் நியூசம் என்ற விவசாயி அவளை ஏறத்தாழ 14 வயதில் விலைக்கு வாங்கி, பல ஆண்டுகள் பலவந்தப்படுத்தினான். 1855 ஜூனில் அவள் தடியால் அடித்ததில் அவன் செத்தான். பெண்ணொருத்தி பலாத்காரத்தை எதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்று மிசூரிச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அடிமைப் பெண்ணுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றம் ஒதுக்கியது. 1855 டிசம்பரில் சீலியாவைத் தூக்கிலிட்டார்கள். மர்டில்ஸ் கதையில் குளோயி பொறாமையாலும் பதவி ஆசையாலும் கேக் சுடுகிறாள். நிஜத்தில் அந்த நிலையில் இருந்த ஒருத்தி செய்ததையும், அவளுக்கு நேர்ந்ததையும் இராக்காலச் சுற்றுலாவில் சொன்னால் யாரும் அஞ்சலட்டை வாங்கமாட்டார்கள்.

இந்த வியாபாரத்தில் மர்டில்ஸ் தனியாள் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபால் ரிவரில் 1892 ஆகஸ்டு 4ஆம் தேதி ஆண்ட்ரூ போர்டனும் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் வீட்டுக்குள்ளேயே கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மகள் லிசி மீது வழக்கு; 1893 ஜூனில் விடுதலை. அந்த வீடு 1996 முதல் காலைச் சிற்றுண்டியோடு தங்கும் விடுதி. ஆபி விழுந்து கிடந்த அறையில் படுத்துறங்கத்தான் கூட்டம். அங்கே கொலை நிஜம். விசாரணைக் குறிப்புகள் கட்டுக்கட்டாக உள்ளன. விடுதி எதையும் புனைய வேண்டியதில்லை. அப்படியிருந்தும், சிறுவர்கள் கயிறு தாண்டும்போது பாடும் பாட்டில் தாய்க்கு 40 வெட்டு, தந்தைக்கு 41. உண்மையில் இருவர் உடலிலும் சேர்த்தே 30ஐத் தாண்டாது.

வீட்டைக் குடியிருக்க வாங்குபவருக்குப் பேய் நட்டம். ஓர் இரவு தங்க வருபவருக்கு அதுவே சரக்கு. நியூயார்க் மாநிலத்தின் நயாக் ஊரில் ஒரு வீட்டு உரிமையாளர், தன் வீட்டில் ஆவிகள் உண்டு என்று பத்திரிகைகளில் வெளிவரச் செய்து பேர் வாங்கினார். பிறகு அதை விற்கும்போது வெளியூர்க்காரரான வாங்குபவரிடம் மூச்சுவிடவில்லை. வழக்கு 1991இல் மேல்முறையீட்டுக்குப் போனது. ஊரெல்லாம் பேய் இருக்கிறது என்று சொன்னவர் இப்போது இல்லை என்று மறுக்க முடியாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று நீதிபதிகள் எழுதி, வாங்கியவர் ஒப்பந்தத்திலிருந்து விலக வழிவிட்டார்கள். பேயை விற்றுப் பிழைக்கும் விடுதிக்காரர்களிடம் இந்தத் தர்க்கத்தை நீட்டினால் அவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

தங்கியவர்கள் கண்டதும் கேட்டதும் எல்லாம் பொய்யா என்று கேட்கலாம். அவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. இரவு பத்து மணிக்கு வழிகாட்டி கதை சொல்லி முடிக்கிறார். பன்னிரண்டு மணிக்குப் பழைய மரத்தளம் குளிரில் சுருங்கி முனகுகிறது. படுத்திருப்பவர் ஏற்கெனவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். மர்டில்ஸில் காட்டப்படும் பெரிய நிலைக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். சாராவின் ஆவி அதற்குள் சிக்கிக்கொண்டது, உள்ளிருந்து கைத்தடம் விழுகிறது என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிக் கண்ணாடிகளில் வெள்ளி பூசுவதில்லை. வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் குழைத்து ஒட்டுவார்கள். ஈரக்காற்று பட்டால் அந்தப் பூச்சு திட்டுத்திட்டாகச் செத்துப் போகும். மேல்நோக்கி விரிந்த ஒழுங்கற்ற கறைகள் உருவாகும். லூசியானாவின் ஈரக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். அந்தக் கறையில் விரல்களைப் பார்க்க ஒருவர் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்த பிறகு விரல்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. சில வேளை காரணம் விபரீதமாகவும் இருக்கும்: 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த குறிப்பில், காலடி ஓசையும் உருவங்களும் ஒரு குடும்பத்தையே ஆட்டிவைத்ததற்குக் காரணம், பழுதான வெப்பமூட்டி உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு.

அதே லூசியானாவில், அதே ஆற்றங்கரையில் வேறொரு வழியும் இருக்கிறது. வாலஸ் என்ற இடத்தில் உள்ள விட்னி தோட்டம் 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே மாளிகை கடைசியில்தான் வருகிறது. லூசியானாவில் அடிமைகளாக இருந்தவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கல்லில் பொறித்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் குவெண்டலின் மிட்லோ ஹால், நீதிமன்ற அலுவலகங்களின் விற்பனைப் பத்திரங்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் ஆண்டுக்கணக்கில் தோண்டி எடுத்த பெயர்கள் அவை. பேய் இல்லாமலே கூட்டம் வருகிறது.

மர்டில்ஸின் பத்துக் கொலைகளுக்கு வருவோம். அவற்றில் ஆவணம் உள்ளது ஒன்றுக்குத்தான். ஸ்டர்லிங் குடும்பத்தின் மருமகன் வில்லியம் வின்டர், வழக்கறிஞர். உள்நாட்டுப் போருக்குப் பின் மாமியாரின் தோட்டங்களைக் கவனித்துக்கொண்டவர். போர் அந்தக் குடும்பத்தைப் பாப்பராக்கியிருந்தது. 1868இல் தோட்டம் கையைவிட்டுப் போய் 1870இல் மறுபடியும் குடும்பத்துக்கே திரும்பியது. 1871 ஜனவரி 26ஆம் தேதி குதிரையில் ஒருவன் வந்தான். வேலை இருக்கிறது என்று குரல் கொடுத்தான். வின்டர் பக்கத்து வராந்தாவுக்கு வந்ததும் சுட்டுவிட்டுப் போய்விட்டான். அக்கொலைக்காக எவரும் தண்டனை பெற்றதாகப் பதிவு இல்லை. போர் முடிந்து கடனும் பகையும் ஊரெங்கும் கனன்றுகொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு தோட்டத்து வழக்கறிஞரைக் கூப்பிட்டுச் சுட யாருக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்பது உட்கார்ந்து ஆராய வேண்டிய மர்மம். விடுதியின் கதையோ, குண்டடிபட்ட வின்டர் தள்ளாடி வீட்டுக்குள் நுழைந்து, மாடிப்படி ஏறி, பதினேழாவது படியில் மனைவியின் கைகளில் உயிர்விட்டார் என்கிறது. நள்ளிரவில் அந்தப் படிகளில் காலடி கேட்குமாம், பதினேழோடு நின்றுவிடுமாம். அக்காலச் செய்தியின்படி அவர் படியேறவே இல்லை. சுட்ட வராந்தாவிலேயே விழுந்து இறந்தார்.